அந்த வீட்டுப் பெண்களின் நடை

அந்த வீட்டுப் பெண் ஒருத்தி தெருமுனையில் திரும்பினால் போதும். முகம் தெரிவதற்கு முன்பே இன்ன வீட்டுப் பெண் வருகிறாள் என்று சொல்லிவிடுவார்கள். இடது பக்கம் லேசாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து, தண்ணீரில் படகு போவது போல ஒரு நடை. தாய்க்கிழவிக்கு அந்த நடை இருந்தது. அவள் பெற்ற பெண்கள் மூவருக்கும் இருந்தது. அவள் பெற்ற ஒரே மகனுக்கு மட்டும் இல்லை. அவர் நேராகத்தான் நடந்தார். ஆனால் அவருக்குப் பிறந்த பெண் நடக்கத் தொடங்கியதும் அதே சாய்வு. பெட்டியைச் சுமந்து வந்து திறக்காமலே இறக்கி வைத்துவிட்டுப் போகிற கூலிக்காரர் மாதிரி, அந்த வீட்டு ஆண்கள் நடையைத் தாங்கள் போட்டுப் பார்க்காமல் மகள்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள்.

அதில் அவர்களுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த மூவரில் இளையவளான சின்ன அத்தையின் மகள் எப்படியோ நேராக நடந்துவிட்டாள். அதற்கு அவள் பட்ட பாடு! "ஆஸ்பத்திரியில புள்ள மாறிப்போச்சுடி" என்று இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். பாவம், அவளும் கொஞ்ச நாள் கண்ணாடி முன் நின்று சாய்ந்து சாய்ந்து நடந்து பழகிப் பார்த்தாள். வரவில்லை.

இந்தக் கதை அந்த ஒரே மகனின் மகளைப் பற்றியது. அவள் பஸ் கண்டக்டர். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அவள் பஸ் டிரைவர் வைத்த பட்டப்பெயர்தான் நிலைத்தது. தூணக்கா.

ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பாள் என்பதால் வந்த பெயர் அது. இடது இடுப்பை இருக்கையின் ஓரத்தில் ஒரு சாய்ப்புச் சாய்த்து வைப்பாள். அவ்வளவுதான், இரண்டு கையும் அவளுக்குச் சொந்தம். ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை, உதட்டில் விசில். வளைவில் பஸ் ஒடித்துத் திரும்பும்போது பயணிகள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சரிவார்கள். தூணக்கா அசையமாட்டாள். சரிகிறவர்களை ஒரு தோளால் முட்டுக்கொடுத்து நிமிர்த்தியும் விடுவாள். "எங்கக்கா நிக்கிற வரைக்கும் இந்த வண்டி கவுராதுங்க" என்று டிரைவர் கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். ஆண்கள் மட்டுமே செய்துவந்த வேலை அது. அந்த டிப்போவில் முதலில் விசில் ஊதிய பெண் அவள்தான்.

தாயும் தகப்பனும் சீக்கிரம் போய்விட்டார்கள். அவளையும் தம்பியையும் ஆளாக்கியது பெரிய அத்தை. தகப்பனின் மூத்த அக்கா, இஸ்திரிக் கடைக்காரி. கடை என்றால் ஒரு நீள மேசை, ஒரு கனத்த இஸ்திரிப்பெட்டி, சுவரோரம் மடித்த துணிகளின் அடுக்கு. மேசைக்கடியில் ஒரு செங்கல் கிடக்கும். அதன்மேல் ஒரு காலை ஏற்றி வைத்துக்கொண்டுதான் பெரிய அத்தை தேய்ப்பாள். அது அவளுடைய தோரணை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ராணி சிம்மாசனத்தில் காலை வைத்த மாதிரி இருக்கும் பார்ப்பதற்கு.

தூணக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த மாப்பிள்ளைகள் வேலையை விடச் சொன்னார்கள். அவள் மாப்பிள்ளைகளை விட்டாள். தம்பிக்குக் கல்யாணமாகிப் பெண் குழந்தை பிறந்தபோது, தன் வயிற்றில் பிறந்தது போல டிப்போ முழுக்க இனிப்புக் கொடுத்தாள்.

குழந்தையை முதலில் குளிப்பாட்டிய அன்றே பெரிய அத்தை ஒன்றைக் கண்டுபிடித்தாள். குப்புறப் போட்டுத் துடைக்கும்போது இரண்டு தொடையின் மடிப்பும் ஒரே வரிசையில் இல்லை. இடது தொடையில் மடிப்பு ஒன்று மேலே ஏறி நின்றது.

"இங்க வாங்கடி எல்லாரும்! பாருங்க, உனக்கும் இதே மாதிரிதான் இருந்துச்சு" என்று தூணக்காவின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். "வந்தாச்சு. நம்ம வீட்டு நடை வந்தாச்சு!"

தூணக்கா குனிந்து அந்த மடிப்பில் முத்தம் கொடுத்தாள். பிறகு பெரிய அத்தை தன் வழக்கப்படி குழந்தையின் இரண்டு காலையும் நேராக நீட்டி, சேர்த்து, துணியால் இறுக்கிச் சுற்றினாள். கால் நேராக வளர அதுதான் வழி என்பது அவள் கணக்கு. பிரசவ ஆஸ்பத்திரியில் தம்பியிடம், குடும்பத்தில் யாருக்காவது இடுப்பில் கோளாறு உண்டா என்று கேட்டிருந்தார்கள். அவன் ஒரு நொடிகூட யோசிக்காமல் "அதெல்லாம் யாருக்கும் கிடையாது" என்றிருந்தான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

இதற்கிடையில் தூணக்காவுக்கு வலி வந்திருந்தது. தொடை இடுப்போடு சேருகிற இடத்தில், உள்ளே, யாரோ விரலை விட்டுத் திருகுவது போல. ஷிப்ட் முடிந்து இறங்கும்போது முதல் படியில் உயிர் போகும். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டில் வலிக்கிறது என்று சொல்லும் பழக்கமே இல்லை. "கொஞ்சம் உக்காரணும் போல இருக்கு" என்பார்கள். அதற்குமேல் ஒரு சொல் வராது.

ஒருநாள் குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். தூணக்கா விழுந்தாள். டிக்கெட் கட்டு ஒரு பக்கம், சில்லறை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பஸ்ஸே எழுந்து நின்றுவிட்டது. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் தன் இடத்தைக் காட்டி, "உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தாள். அத்தனை வருஷத்தில் ஓடுகிற தன் வண்டியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கடைசி நிறுத்தத்தில் டிரைவர் வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா, இல்ல நான் வண்டியோட கொண்டுபோய் விடவா?"

"போறேன்யா. வண்டியெல்லாம் வேணாம், ரூட்டு மாறுனா நமக்குத்தான் மெமோ வரும்."

எலும்பு டாக்டரம்மா நிதானமானவர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, பேனா முனையால் காட்டினார்.

"இது உங்க தொடை எலும்போட தலை. உருண்டையா, பந்து மாதிரி இருக்கா? இது போய் உக்கார்ற குழி இடுப்பெலும்புல இருக்கு. அது ஆழமான கிண்ணமா இருக்கணும். உங்களுக்குத் தட்டு மாதிரி இருக்கு. பந்து பாதிதான் உள்ள இருக்கு, மீதி வெளிய நிக்குது. அந்த ஓரத்துலயே பாரம் விழுந்து விழுந்து தேஞ்சுபோச்சு."

"பஸ்ல நின்னுகிட்டே இருந்ததாலயா டாக்டர்?"

"நின்னதால தேய்மானம் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம். ஆனா நின்னதால குழி இப்படி ஆகல. பொறக்கும்போதே இடுப்பெலும்போட அமைப்பு அப்படி." டாக்டரம்மா எழுதத் தயாரானார். "வீட்ல வேற யாருக்காவது இடுப்புல கோளாறு உண்டா?"

"இல்லைங்க. எங்க வீட்ல எல்லாரும் திடமான ஆளுங்க."

"சரி, எழுந்து கதவு வரைக்கும் நடந்து காட்டுங்க."

நடந்தாள். திரும்பினாள்.

"எப்பலருந்து இப்படி நடக்கறீங்க?"

"நடக்க ஆரம்பிச்சதுலருந்துதான். இது எங்க வீட்டு நடைங்க!" வலியிலும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கப்பாவைப் பெத்தவங்க இப்படித்தான் நடப்பாங்க. பெரிய அத்தை, நடு அத்தை, சின்ன அத்தை, எல்லாரும் இதே நடைதான். எங்களை எங்க பாத்தாலும் கண்டுபிடிச்சிடலாம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"வீட்ல யாருக்கும் கோளாறு இல்லன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"நீங்க கோளாறு இருக்கான்னு கேட்டீங்க. இது நடைங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பிறகு அந்தச் சிரிப்பும் போய், முகம் வேறு மாதிரி ஆனது.

"உங்க வீட்ல இப்ப கைக்குழந்தை யாராவது இருக்கா?"

தூணக்காவுக்கு அந்தத் தொடை மடிப்பு கண்முன் வந்து நின்றது. தன் உதடு பட்ட இடம். "தம்பி மக இருக்கா" என்றாள்.

டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். கைக்குழந்தையின் இடுப்புக்குழி இன்னும் முழுசாக எலும்பாகியிருக்காது, பச்சை மண் மாதிரி. பந்தைச் சரியான இடத்தில் பிடித்து வைத்தால், பந்தைச் சுற்றிக் குழி தானே ஆழமாக வளர்ந்துகொள்ளும். அதற்குத் துணி வார் இருக்கிறது. தோளிலிருந்து பாதம் வரை போட்டு, காலை மடக்கி, அகட்டி வைக்கும். வலி இருக்காது. ஆனால் நாளைக் கடத்தினால் மண் இறுகிவிடும், அப்புறம் கத்திதான். எல்லாக் குழந்தைக்கும் வரும் என்றில்லை, ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். "முக்கியமா ஒண்ணு. காலை நீட்டிச் சேத்து வெச்சு இறுக்கிக் கட்டாதீங்க. அது பந்தை வெளிய தள்ளும்."

தூணக்கா தன் இடுப்புக்கு என்ன வைத்தியம் என்று கேட்கவே இல்லை. ஆபரேஷன் செய்து இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்று டாக்டரம்மாதான் கூப்பிட்டுச் சொன்னார். "அது கிடக்கட்டும் டாக்டர். முதல்ல அவ நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்த விடுமுறை நாள் தம்பி வீட்டில் எல்லாரும் கூடினார்கள். சின்ன வீடு, நாற்காலி போதாமல் கட்டிலிலும் பெட்டிமேலும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை பெரிய அத்தையின் மடியில், கால்கள் நீட்டிச் சுற்றிய ஒரு சின்ன மூட்டையாக இருந்தது. தூணக்கா விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பெரிய அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது.

"நம்ம நடையை நோய்ங்கறியா?"

"நான் சொல்லல அத்தை. எக்ஸ்ரேல..."

"எக்ஸ்ரே! எங்கம்மா இந்த நடையோட நாலு புள்ளைங்களைப் பெத்து வளத்தா. நான் இந்த நடையோட உன்னையும் இவனையும் வளத்தேன். அப்ப எந்த எக்ஸ்ரே வந்து துணி தேச்சுது? பச்சப் புள்ளைய வாரு போட்டுக் கட்டுவாங்களாம். எவளாவது தொடட்டும், பாக்கறேன்."

"நீங்களும் கட்டித்தானே வெச்சிருக்கீங்க அத்தை" என்றான் தம்பி, மெதுவாக.

"டேய், நீ வாயை மூடு. நேரா நடக்கறவனுக்கு இதுல பேச்சே கிடையாது."

தம்பி வாயை மூடினான். அவனுக்குச் சோறு ஊட்டிய கை அது. அந்தக் கையை எதிர்த்து அவன் என்றைக்கும் பேசியதில்லை. தம்பி மனைவி மாமியார் இல்லாத வீட்டில் பெரிய அத்தையையே மாமியாராக நினைத்து வந்தவள். அவள் குழந்தையைப் பார்த்தாள், பெரிய அத்தையைப் பார்த்தாள், கடைசியில் தூணக்காவைப் பார்த்தாள்.

"அண்ணி, உங்களுக்கு வலிக்குமா?"

யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி அது. வேறு வீட்டிலிருந்து வந்தவள் என்பதால் கேட்டுவிட்டாள். பெருமை பேசும் வீட்டில் ஒருத்தி நான் நொந்துபோயிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? தூணக்காவுக்கு, பஸ்ஸில் விழுந்ததைவிட இதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. அவள் எழுந்து நின்றுகொண்டாள். நின்றுதான் அவளுக்குப் பேசிப் பழக்கம்.

"வலிக்குது. ரொம்ப வருஷமா வலிக்குது. படியில இறங்கும்போது கண்ணுல தண்ணி வரும், டிரைவர் பாக்கறதுக்குள்ள தொடச்சுக்குவேன். ராத்திரி புரண்டு படுக்க முடியாது. போன வாரம் பஸ்ல விழுந்துட்டேன். ஒரு பெரியவர் இடம் கொடுத்தார், உக்காந்துட்டேன்."

"நீயா உக்காந்த?" என்றாள் நடு அத்தை.

"நான்தான்."

நடு அத்தை தையல்காரி. அவள் கொஞ்ச நேரம் விரலில் இல்லாத நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "நான் மாடிப்படி நேரா இறங்கி வருஷக்கணக்காச்சு" என்றாள். "நண்டு மாதிரி பக்கவாட்டுலதான் இறங்கறேன். கேட்டா படி குறுகலா இருக்குன்னு சொல்லுவேன்."

"ரெண்டு முட்டிக்கும் நடுவுல தலகாணி இல்லன்னா எனக்குத் தூக்கமே கிடையாது" என்றாள் சின்ன அத்தை. "உங்க மாமா என்ன நெனச்சுக்கிட்டிருக்கார் தெரியுமா? அவர்கிட்ட எனக்குக் கோவம், அதான் நடுவுல வேலி போடறேன்னு. கல்யாணமான நாள்லருந்து மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருக்கார் மனுஷன். நானும் கேக்கட்டும்னு விட்டுட்டேன்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பெரிய அத்தை மட்டும் சிரிக்கவில்லை. நடு அத்தை அவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உன் மேசைக்கடியில இருக்கற செங்கல் எதுக்கு?"

"அது சும்மா. பழக்கம்."

"காலைத் தூக்கி வெச்சாத்தானே இடுப்புல வலி இறங்குது? என் மிஷினுக்குக் கீழயும் ஒரு மரக்கட்டை இருக்குக்கா. உன்னைப் பாத்துத்தான் வெச்சேன். தோரணைக்குன்னு நெனச்சு வெச்சேன். வெச்ச அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு எதுக்குன்னு."

பெரிய அத்தை குனிந்து பார்த்தாள். குழந்தை மடியில் முனகியது. அந்த முரட்டுக் கைகள், சூட்டுக் காய்ப்பு ஏறிய கைகள், துணியின் முடிச்சைத் தேடின. ஒரு சுற்று பிரிந்தது. இன்னொரு சுற்று. கட்டு விட்டதும் குழந்தை இரண்டு காலையும் சட்டென்று மடக்கி, தவளை மாதிரி அகட்டிக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டது.

"அடி கள்ளி" என்றாள் பெரிய அத்தை. "இவளுக்கே தெரிஞ்சிருக்கு பாரு. எப்ப போறோம் ஆஸ்பத்திரிக்கு?"

போனது குழந்தையும் தாயும் மட்டும் அல்ல. "கேட்டதுக்குத் தப்பாப் பதில் சொன்னது நம்ம குடும்பம். குடும்பமே போய்ச் சொல்லணும்" என்று பெரிய அத்தை கடையைப் பூட்டினாள். தூணக்காவின் பஸ்ஸிலேயே, அவள் ஷிப்டின் கடைசி டிரிப்பில் கிளம்பினார்கள். மூன்று அத்தைகளும் வரிசையாகப் படியேறுவதைப் பார்த்த டிரைவர், "அக்கா, இன்னைக்கு வண்டியே இடது பக்கம் சாயுதே" என்றார். "ரோட்டைப் பாத்து ஓட்டுப்பா, நடை வேணும்னா எங்க வீட்ல வந்து பொறக்கணும்" என்று பெரிய அத்தை முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த ஆஸ்பத்திரியின் தாழ்வாரம் நீளமானது. பச்சைச் சுவர், பினாயில் வாசனை, ஓரமாகப் பெஞ்சுகள். டாக்டரம்மா தன் அறை வாசலில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கோடியிலிருந்து அவர்கள் வந்தார்கள். முன்னால் பெரிய அத்தை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பின்னால் நடு அத்தை, சின்ன அத்தை. கடைசியில் யூனிஃபார்மோடு தூணக்கா, தோளில் குழந்தை. நாலு பேரும் ஒன்றாகச் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்து, ஒன்றாகச் சாய்ந்து. பெஞ்சில் இருந்தவர்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டு வழிவிட்டார்கள். ஒரு நர்ஸ் ஊசித் தட்டைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டாள். தம்பியும் அவன் மனைவியும் நேராக நடந்து வந்ததை யாரும் கவனிக்கவே இல்லை.

டாக்டரம்மா பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அன்னைக்கு நீங்க ஒரு கேள்வி கேட்டீங்களாம்" என்றாள் பெரிய அத்தை, மூச்சு வாங்கிக்கொண்டே. "மறுபடி கேளுங்க."

டாக்டரம்மாவுக்குப் புரிந்தது. "உங்க குடும்பத்துல யாருக்காவது இடுப்புல கோளாறு உண்டா?"

"உண்டு. எல்லாருக்கும் உண்டு. ஒருத்தி விடாம உண்டு." சொல்லிவிட்டு, சின்ன அத்தையைப் பார்த்து, "இவ மகளைத் தவிர" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஸ்கேனில் குழந்தையின் இடது குழி தட்டையாகத்தான் இருந்தது. ஆனால் காலம் கடந்துவிடவில்லை. அன்றே வார் போட்டார்கள்.

அதன்பிறகு அந்த வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். வாருக்கு மேல் போடுகிற மாதிரி, நடுவில் அகலம் விட்டு நடு அத்தை கவுன் தைத்தாள். கடையில் விற்கிற எந்தக் கவுனுக்கும் அந்த அழகு கிடையாது. பெரிய அத்தை குழந்தையின் துணி ஒவ்வொன்றையும் கைக்குட்டை மாதிரி தேய்த்து மடித்தாள். எந்தக் கடைக்கு, எந்தத் தெருவுக்குப் போனாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். "ஐயோ, என்னாச்சு புள்ளைக்கு?" என்று யாராவது பரிதாபப்பட்டால் போதும். "ஒண்ணும் ஆகல. இடுப்பு செஞ்சுகிட்டிருக்கா. உன் வீட்ல யாராவது சாஞ்சு நடக்கறாங்களா? மறைக்காம சொல்லு" என்று பிடித்துக்கொள்வாள். வந்தவர்கள் தப்பித்தால் போதும் என்று ஓடுவார்கள். ஓரிருவர் உட்கார்ந்து சொன்னதும் உண்டு.

சில மாதம் கழித்து வாரை எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைக் காட்டினார்: தட்டு இருந்த இடத்தில் கிண்ணம். பிறகு குழந்தை தவழ்ந்தது, பிடித்து நின்றது, ஒருநாள் கட்டிலை விட்டுவிட்டு அறையின் நடுவே நடந்தது. மூன்று அத்தைகளும் தூணக்காவும் தரையில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். சாய்கிறாளா? சாயவில்லை. தடுக்கினாள், விழுந்தாள், எழுந்தாள், நேராக வந்தாள். யாரையும் போல இல்லாமல் வந்தாள்.

பெரிய அத்தைக்குக் கண் கலங்கியது. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளாலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

அதற்கப்புறம்தான் தூணக்கா போய்த் தன் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டாள். திரும்பி, நேராக நடந்து டிப்போவுக்குள் நுழைந்த அன்று, பக்கத்தில் வரும் வரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. "யாரும்மா நீங்க, எங்க தூணை என்ன பண்ணுனீங்க?" என்று டிரைவர் இறங்கி வந்து கும்பிட்டார். அவள் விசிலை எடுத்து அவர் காதுக்குள் ஊதினாள்.

இப்போது குழந்தை ஓடுகிற வயசு. விடுமுறை நாளில் தம்பி வீட்டில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் ஓட்டுகிறாள். அத்தைமார் பயணிகள். அவள்தான் கண்டக்டர். கண்டக்டர் என்றால் எப்படி நடக்க வேண்டும் என்று அத்தைமாரைப் பார்த்தே அவளுக்குத் தெரியும். இடது பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து, அச்சு அசலாக அந்த நடையில் வந்து, இடுப்பை நாற்காலி ஓரத்தில் ஒரு சாய்ப்புச் சாய்த்து, இரண்டு கையையும் விட்டுவிட்டு நிற்கிறாள்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா ரத்தத்தை!" என்று பெரிய அத்தை தொடையைத் தட்டிக்கொள்கிறாள். "கண்டக்டர், எனக்கு ஒரு டிக்கெட்!"

"கடைசி ஸ்டாப் வந்தாச்சு, எல்லாரும் இறங்குங்க" என்கிறாள் குழந்தை. அத்தைமார் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்திருப்பதற்குள், அவள் அந்த நடையை அங்கேயே நாற்காலியில் கழற்றிப் போட்டுவிட்டு, வாசலைத் தாண்டித் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறாள். பின்னாலேயே தூணக்கா ஓடுகிறாள், பிடிக்க.